வலிமைக்கு அளவுகோல் எது?

எல்லையில் பதற்றம் ஏற்படும் போதெல்லாம் நம் நாளிதழ்கள் ஒரு கட்டத்தை அச்சிடத் தவறுவதில்லை. இடப்புறம் ஒரு நாட்டின் கொடி. வலப்புறம் மற்றொரு நாட்டின் கொடி. அவற்றின் கீழே காலாட்படை இவ்வளவு, டாங்கிகள் இவ்வளவு, போர் விமானங்கள் இவ்வளவு, நீர்மூழ்கிக் கப்பல்கள் இவ்வளவு என எண்கள் வரிசையாக நிற்கும். கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் ஓட்டக் கணக்கை அலசும் அதே ஆர்வத்தோடு தேநீர்க் கடைகளில் இளைஞர்கள் அந்த எண்களை அலசுவர். முதியவர்களும் விலகி நிற்பதில்லை. நாமும் அந்தக் கட்டத்தைப் படிக்கிறோம். மறைப்பானேன், இரண்டு முறை படிக்கிறோம்.

உலக அளவிலான கணக்கும் ஆண்டுதோறும் வெளிவருகிறது. ஸ்டாக்ஹோமிலுள்ள அமைதி ஆய்வு நிறுவனம் தொகுத்த மதிப்பீட்டின்படி, 2024-ஆம் ஆண்டில் உலக நாடுகள் படைகளுக்காகச் செலவிட்ட தொகை 2,71,800 கோடி டாலர். அதில் அமெரிக்காவின் பங்கு மட்டும் 99,700 கோடி. அடுத்து சீனா ஏறத்தாழ 31,400 கோடி, ரஷ்யா ஏறத்தாழ 14,900 கோடி. நம் இந்தியா 8,610 கோடி டாலருடன் முதல் ஐந்து இடங்களுக்குள் நிற்கிறது. 2025 ஜனவரிக் கணக்கில் உலகிலிருந்த அணுகுண்டுகள் சுமார் 12,241. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும். இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170 என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்த எண்களைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. அவை எதனை அளக்கின்றன என்பதே நம் கேள்வி. ஒரு நாடு எவ்வளவு அழிக்க முடியும் என்பதை அவை அளக்கின்றன. வலிமை என்ற சொல்லுக்கு அது மட்டுந்தானா பொருள்? ஒருவனை வலியவன் என்று நாம் அழைக்கும் போது, அவன் வீட்டில் எத்தனை அரிவாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தா அழைக்கிறோம்? நூல்களைப் புரட்டி இதற்கு விடை தேடலாம். அதைவிட, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு மீனவர் ஊருக்குச் சென்று பார்ப்பது நல்லது என நமக்குத் தோன்றுகிறது. அங்கே ஐந்து நூற்றாண்டுகளாக வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தம் பீரங்கிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன.

பழவேற்காடு என்றால் இன்று பலருக்கு ஏரியும் பறவைகளும் இறாலுமே நினைவுக்கு வரும். சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உப்பங்கழி அது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் அந்நீர்ப் பரப்புக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு படுத்திருக்கிறது. கரையெங்கும் குப்பங்கள். ஊருக்குள்ளே பள்ளிவாசல்கள், தொழுகை நேரம் காட்டிய சூரியக் கடிகாரம், வீட்டுத் திண்ணைகளில் பனையோலைப் பெட்டி முடையும் நம் பெண்மக்கள். தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து, அங்கிருந்த ஆட்சியாளருக்குப் பணிய மறுத்து, மரக்கலமேறி வந்தவர்கள் என்று அவ்வூர் முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்வர். வரலாற்றாசிரியர் அதை ஏற்பாரோ மாட்டாரோ, நாமறியோம். ஆயினும் 1516-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துக்கீசியர், பழவேற்காட்டை முஸ்லிம்களும் இந்துக்களுமான பெருவணிகர்கள் வாழும் துறைமுகம் என்று குறித்து வைத்திருக்கிறார். பர்மாவின் பெகு நாட்டிலிருந்து மாணிக்கக் கற்கள் அங்கே வந்திறங்கின. அங்கிருந்து வண்ணத் துணிகள் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்றன. அவ்வணிகர்களிடம் மரக்கலங்கள் இருந்தன. அக்கலங்களைப் போர்க்கலங்களாக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை.

அந்த எண்ணத்தை இக்கடலுக்குக் கொண்டு வந்தவர்கள் பறங்கிகள். 1511-இல் அவர்கள் மலாக்காவைப் பிடித்தனர். கடலில் செல்லும் எந்த மரக்கலமும் தம்மிடம் அனுமதிச் சீட்டு வாங்கியே செல்ல வேண்டும், இல்லையேல் கலமும் சரக்கும் பறிக்கப்படும் என்று விதித்தனர். கடலுக்குச் சுங்கச்சாவடி! அதுவரை இக்கரையில் எவரும் கேட்டறியாத செய்தி. நூறாண்டுகள் கழித்து வந்த ஒல்லாந்தர், விஜயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடரிடம் 1610-இல் இசைவு பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தனர். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த பறங்கிகள் அதைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே, 1613-இல், ஒல்லாந்தர் அங்கே கோட்டை எழுப்பினர். அதனைக் கட்டுவித்த வெம்மர் வான் பெர்ஹெம் என்பவர் தம் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு கெல்டிரியா என்று பெயரிட்டார். சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக அது விளங்கியது.

இதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தால், படைபலத்தை ஒப்பிடுவது என்னும் நோய் எப்படிப் பரவுகிறது என்பது விளங்கும். பறங்கியின் பீரங்கிக்கு அஞ்சி ஒல்லாந்தர் கோட்டை கட்டினர். கோட்டைக்குப் பீரங்கி வேண்டும்; பீரங்கிக்கு வெடிமருந்து வேண்டும். ஆகவே பழவேற்காட்டிலேயே வெடிமருந்து ஆலை அமைந்தது. கீழ்த்திசைத் தீவுகளிலிருந்த ஒல்லாந்தர் தளங்களுக்கும் தாயகம் திரும்பிய அவர்தம் கப்பல்களுக்கும் போதுமான அளவு அங்கே மருந்து இடிக்கப்பட்டது. இடையில் ஆங்கிலேயர் வந்தனர். ஐரோப்பாவில் 1619-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, காவற்படைச் செலவில் பங்கு தந்து, ஒல்லாந்தர் நிழலிலேயே சில காலம் பழவேற்காட்டில் வணிகம் நடத்தினர். பிறர் கோட்டையில் ஒண்டுக்குடித்தனம் நெடுநாள் ஓடாது. 1626-இல் ஏரியின் வடபுறம் ஆர்மகான் எனப்பட்ட துர்க்கராயபட்டினத்தில் அவர்களும் ஓர் இடம் பிடித்து அரண் அமைத்தனர். அதுவும் போதவில்லை. 1639-இல் தெற்கே ஒரு மணற்பரப்பைப் பெற்றனர். அங்கே எழுந்த கோட்டையைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய சென்னை மாநகர். ஒருவன் அஞ்சிக் கட்டிய மதில், அடுத்தவன் அஞ்சுவதற்குக் காரணமாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1609-ஆம் ஆண்டில், ஒல்லாந்தின் சட்ட அறிஞர் ஹூகோ குரோசியசின் நூல் ஒன்று வெளிவந்தது. கடல் எவருக்கும் தனியுடைமை அன்று, காற்றைப் போல அனைவருக்கும் பொது என்பது அந்நூலின் வாதம். இன்றும் பன்னாட்டுச் சட்டம் பயில்வோர் அதைப் போற்றிப் படிக்கின்றனர். அவ்வாதத்தை அவர் எழுதியது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பாகவே. பறங்கியின் தனியுரிமையை உடைக்கும் வரை கம்பெனிக்குக் கடல் பொதுவாயிருந்தது. தன்னிடம் கப்பல்கள் பெருகியதும் அதே கம்பெனி நம் வணிகர்களின் மரக்கலங்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்கத் தொடங்கியது. மெலிந்திருந்த போது கண்ட நீதியை வலுத்த பின் மறந்தது. ஒல்லாந்தரை மட்டும் பழிப்பதற்காக இதை நாம் எழுதவில்லை. இது மனிதருக்குப் பொதுவான நோய். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிகளிடையிலும் காண்பதே.

பழவேற்காட்டுத் துறையிலிருந்து துணி மட்டுமா ஏறியது? பஞ்சம் வந்த ஆண்டுகளில் பிள்ளைகளை விற்ற பெற்றோர் இருந்தனர். தம்மையே விற்றுக்கொண்டோர் இருந்தனர். தரகர்களால் கடத்தப்பட்டோரும் இருந்தனர். 17-ஆம் நூற்றாண்டில் இக்கரையின் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழரும் தெலுங்கரும் அடிமைகளாக பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றுமதி செய்யப்பட்டனர். அக்காலத்தில் ஒல்லாந்தரின் வணிகக் கப்பற் கூட்டம் ஐரோப்பாவிலேயே பெரிது. 1641-இல் மலாக்காவையும், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பறங்கிகளிடமிருந்து பறித்தனர். 1667-இல் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே நுழைந்து, ஆங்கிலேயரின் தலைமைப் போர்க்கப்பலைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். அந்த ஆண்டில் ஒரு நாளிதழ் இருந்து படைபலக் கட்டம் போட்டிருந்தால், ஒல்லாந்தின் கொடி முதல் வரிசையில் பறந்திருக்கும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தனர், திருப்பித் தந்தனர், 1795-இல் மீண்டும் பிடித்தனர். 1799-இன் இறுதியில் அந்த மாபெரும் கம்பெனியே கணக்கை மூடிக் கலைந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினர். 1818-இல் ஊர் மறுபடியும் ஒல்லாந்தர் கைக்கு வந்து, 1825-இல் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயருக்கே போய்ச் சேர்ந்தது. பீரங்கிகள் நின்ற மேட்டில் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது.

கோட்டைக்கு அண்மையில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்லியல் துறை அதைப் பாதுகாத்து வருகிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கின்றனர். மரணத்தை நினைவுறுத்த அவர்களே வைத்துக்கொண்டவை அவை. மண்ணறைகளைச் சந்திக்கச் செல்லுமாறு நமக்குச் சொல்லப்பட்டதன் நோக்கத்தை அந்தக் கிறிஸ்தவ வணிகரும் அறிந்தே இருந்தனர். உள்ளே செல்வோர் அறிந்து வாயிலில் எழுதினர். வெளியே வந்ததும் மறந்தனர். நாமும் ஜனாஸாவைத் தூக்கிச் சென்று மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு, வாயிற்கதவு தாண்டியதும் வரப்புத் தகராறு பேசுகிறோம் அல்லவா?

பழவேற்காட்டிலிருந்து அழியாமல் எஞ்சிய பொருள் ஒன்றுண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிவாசலுக்குச் செல்லும் மலாய் ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலேகாட்’ என்று பெயர். இலங்கையில் அதைப் பளயகாட் சாரம் என்பர். இரண்டும் பழவேற்காட்டின் பெயரே. நம் குடும்பங்களில் அக்கரைச் சீமைக்குப் போய் வந்த பாட்டனார் எவரேனும் இருந்தால், அவர் பெட்டியில் அத்துணி கட்டாயம் இருந்திருக்கும். அதை நெய்தவர் பெயரும் ஏற்றி அனுப்பியவர் பெயரும் எவருக்கும் தெரியாது. கெல்டிரியா என்ற பெயரைக் கோட்டையின் சுவடுகளில் தேட வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டின் பெயரை லட்சக்கணக்கானோர் இடுப்பில் கட்டியிருக்கின்றனர். எந்தப் படையும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

இங்கே ஓர் அன்பர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: ‘ஒல்லாந்தர் தோற்றது ஆங்கிலேயரின் கப்பல்கள் மிகுதியாக இருந்ததால்தானே? அப்படியானால் கட்டத்திலுள்ள எண்கள் சொன்னது சரிதானே?’ நியாயமான கேள்வி. விடை காண ஆங்கிலேயரையே பார்ப்போம். உலகில் அடுத்த இரண்டு கடற்படைகளும் சேர்ந்தால் எவ்வளவோ, அவ்வளவு தம்மிடம் இருக்க வேண்டும் என்பதை 1889-இல் அவர்கள் கொள்கையாக்கிக் கொண்டனர். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஒரே ஒரு ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து நின்று, சுமார் 130 குண்டுகளை வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போயிற்று. சில வாரங்களில் அக்கப்பல் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால், ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் நம் தாய்மார் சொல்கின்றனர். உலகின் முதற்பெரும் கடற்படையின் பெயரில் அப்படி ஒரு சொல் நம் வழக்கில் பிறக்கவில்லை.

1922-இல் வாஷிங்டனில் கூடிய வல்லரசுகள், போர்க்கப்பல்களை அமெரிக்கா 5, பிரிட்டன் 5, ஜப்பான் 3 என்ற விகிதத்தில் வைத்துக்கொள்வதென எழுதிக் கையெழுத்திட்டன. படைபல ஒப்பீட்டை அவ்வளவு துல்லியமாக எவரும் செய்ததில்லை. கட்டுமானப் போட்டியை அது சில ஆண்டுகள் தணித்தது என்பதையும் மறுக்கலாகாது. எனினும் 1941 டிசம்பர் 10-ஆம் நாள் மலேயாக் கடலில் பிரிட்டனின் இரு பெரும் போர்க்கப்பல்களை, விகிதத்தில் மூன்றாம் எண் வாங்கிய ஜப்பானின் விமானங்கள் மூழ்கடித்தன. இரண்டே மாதத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கே கடை வைத்திருந்த நம்மவர் பலர் அனைத்தையும் இழந்து நின்றனர். கட்டம் போட்டவர்கள் கப்பலை எண்ணினார்களே தவிர, கப்பலின் தலைக்கு மேல் வானம் ஒன்று இருப்பதை எண்ணவில்லை.

முஸ்லிம் அரசுகள் மட்டும் இதற்கு விலக்கா? அப்படிச் சொல்லிக் கொள்வது நமக்கு இனிக்கும். ஆயினும் அது உண்மையாகாது. 1640-களில் பழவேற்காட்டுச் சுற்றுப்புறம் கோல்கொண்டா அரசின் கீழ் வந்தது. வைரச் சுரங்கங்களின் செல்வமும் மலைக்கோட்டையும் கொண்ட அரசு அது. 1687-இல் ஔரங்கசீப்பின் படை அக்கோட்டையை எட்டு மாதம் முற்றுகையிட்டது. இரு பக்கமும் பீரங்கிகளுக்குக் குறைவில்லை. முடிவில், விலைபோன அதிகாரி ஒருவன் கதவைத் திறந்துவிட்டான். முற்றுகையிட்டவர், முற்றுகைக்குள் இருந்தவர் இருவரும் கலிமா சொன்னவர்களே. எந்தக் கட்டத்திலும் விசுவாசத்துக்கென்று ஒரு பத்தி இருப்பதில்லை.

இவ்வளவு சொன்னதால், ஆயுதமே வேண்டா என்பது நம் கருத்து என எவரும் கொள்ள வேண்டாம். பழவேற்காட்டுத் துறையில் அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட சிறுவனைக் காக்க ஒரு கை இல்லாமற் போனதே என்பதுதான் அவ்வரலாற்றில் நம்மை உறுத்துவது. காக்கும் வலிமை இல்லாத ஊர் சந்தையாகிவிடும். திருமறையின் எட்டாம் அத்தியாயம் இயன்ற அளவு ஆற்றலைத் திரட்டி வைக்கும்படி முஸ்லிம்களுக்குக் கட்டளையிடுகிறது. அதை நாம் மேடைகளில் உரக்கச் சொல்கிறோம். எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் சாய்வீராக என்ற கருத்துடைய வசனம் அதற்கு அடுத்தே வருகிறது. அதை ஏனோ மெல்லச் சொல்கிறோம். இரண்டும் அடுத்தடுத்து நிற்பதில் ஒரு பொருள் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. ஆற்றலைத் திரட்டுவது ஓர் ஒழுக்கம் என்றால், அதை நிறுத்தத் தெரிவதும் அதே ஒழுக்கத்தின் மறு பாதி.

எண்ணிக்கையைப் பற்றி நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. பத்ரில் முந்நூற்றுச் சொச்சம் பேர் ஏறத்தாழ ஆயிரம் பேரை எதிர்த்து வென்றதை நம் குழந்தைகளும் அறிவர். ஹுனைனைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பின், பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட படை புறப்பட்டது. அதுவரை முஸ்லிம்கள் அவ்வளவு பெரிய படையைக் கண்டதில்லை. எண்ணிக்கை சிலர் மனத்தில் பெருமிதத்தை ஊட்டியது. பள்ளத்தாக்கில் பதுங்கியிருந்த ஹவாஸின் கூட்டத்தாரின் அம்புமழையில் அப்படை சிதறி ஓடியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் உடனிருந்த சிலருமே நிலைகுலையாது நின்றனர். அவர்களின் அழைப்பைக் கேட்டே ஓடியவர்கள் திரும்பி வந்து வென்றனர். அந்நாளில் பெருந்தொகை பயன்படவில்லை என்பதைத் திருமறை பெயர் சொல்லி நினைவூட்டுகிறது.

அப்போரின் முடிவில் சிறைப்பட்டவர் சுமார் ஆறாயிரம் பேர். அக்கால வழக்கப்படி அவர்கள் வென்றவர்களின் உடைமை. ஹவாஸின் கூட்டத்தார் வந்து வேண்டிய போது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பங்கை முதலில் விட்டுக்கொடுத்து, தோழர்களின் இசைவையும் கேட்டுப் பெற்று, அத்தனை பேரையும் விடுவித்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மக்காவில், இருபதாண்டுகள் துன்புறுத்தியவர்களைப் பழிவாங்க எல்லா வாய்ப்பும் இருந்தும் மன்னித்திருந்தனர். வலியவன் யார் என்ற கேள்விக்கு, மல்லுக்கட்டி வீழ்த்துவதைக் கொண்டு விடை சொல்லாமல், சினம் பொங்கும் வேளையில் தன்னை அடக்குவதைக் கொண்டு விடை சொன்னவர் அவர். ஆறாயிரம் பேரை விடுவித்த அந்தக் கணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆயிரமாயிரம் பேரைக் கப்பலேற்றிய கம்பெனியின் பேரேட்டிலோ ஒவ்வொரு தலைக்கும் விலை எழுதப்பட்டிருந்தது. நம் அளவுகோல் இப்போது ஓரளவு கைக்கு வந்துவிட்டது என நினைக்கிறோம். ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதோடு, செய்ய முடிந்திருந்தும் எதைச் செய்யாமல் விட்டார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இக்கால அரசுகளுக்கு இது பொருந்துமா? பழவேற்காட்டுக்கே திரும்புவோம். ஊருக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கடலோரக் காவற்படைக்கு ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. வடக்கே, தீவில், விண்வெளி ஏவுதளம். தீவிலிருந்த குடிகள் பலர் அதற்காக இடம் பெயர வேண்டியிருந்ததை மறக்கலாகாது. 1980 ஜூலை 18-இல் அங்கிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் முதல் முயற்சி கடலில் விழுந்திருந்தது. இரண்டுக்கும் திட்ட இயக்குநர், இராமேசுவரத்து மரக்கலக் குடும்பத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். அதே ராக்கெட்டின் முதல் கட்டத்தைக் கொண்டுதான் 1989-இல் அக்னி ஏவுகணை உருவாயிற்று. ஒரே எரிபொருட்குழாய், மேலே கோளை வைத்தால் ஒன்று, குண்டை வைத்தால் மற்றொன்று. நிய்யத் என்பது தொழுகைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாமறியோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 நவம்பரில் ஏவப்பட்ட கடல்சார் செயற்கைக்கோள், மீன் கூடும் இடங்களை மீனவர்க்கு அறிவிக்க உதவுகிறது. ராக்கெட் ஏவும் நாட்களிலோ பாதுகாப்புக்காக அதே மீனவர்களைக் குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் செல்லாதிருக்கச் சொல்கின்றனர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பழவேற்காட்டுக் குப்பங்களையும் தாக்கியது. அன்று நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் மருந்தும் உணவும் கொண்டு விரைந்தன. போருக்கென்று கட்டிய கப்பல்கள்தாம். அயலான் நம் கப்பலைத் தொலைவில் கண்டதும் ஒளிய இடம் தேடுகிறானா, கையசைத்து அழைக்கிறானா என்பதும் ஒரு நாட்டின் வலிமையைப் பற்றிய செய்தியே. அச்சிடும் கட்டத்தில் அதற்கும் ஒரு பத்தி விடலாம்.

இனி, பீரங்கி ஏதுமின்றி நீரைப் பங்கிட்ட கதை ஒன்று. ஏரியில் மீனும் இறாலும் எங்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முகத்துவாரத்தை அடுத்த நீரோட்ட வழிகள் பொன் விளையும் இடங்கள். வலுத்தவன் அவற்றைப் பிடித்துக்கொண்டால் கேட்பாரில்லை. இதைத் தவிர்க்க, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ‘பாடு’ என்னும் முறையை வைத்திருக்கின்றனர். உரிமையுள்ள தலைக்கட்டுகளின் பட்டியல் ஊரில் இருக்கும். சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை இறக்குவது என முடிவு செய்வர். இன்று நல்ல இடம் வாய்த்தவன் நாளை அடுத்தவனுக்கு விட்டு நகர வேண்டும். சச்சரவு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் தீர்த்து வைப்பர். பெயரிலேயே கோட்டையைச் சுமக்கும் கோட்டைக்குப்பமும் இம்மூன்றில் ஒன்று என்பதைக் காண நமக்கு வியப்பே. அக்கோட்டையிலிருந்தோர் கடலைத் தனதாக்கிக்கொள்ள வந்தவர்கள். அதன் பெயர் தாங்கிய குப்பத்தார் ஏரியை முறை வைத்து விட்டுக்கொடுப்பவர்கள்.

இதை எழுதிவிட்டு, நம் மனமே நம்மை இடைமறிக்கிறது. அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் இடமுண்டா? இல்லை. பாட்டுரிமை குறிப்பிட்ட ஊர்களின் குறிப்பிட்ட குலத்தாருக்கே வழிவழியாக வந்தது. பிற சமூகத்தாரும் புதிதாக மீன்பிடிக்க வந்தோரும் உரிமை கேட்ட போது பூசல்கள் எழுந்திருக்கின்றன. வழக்குமன்றம் வரை சென்றதும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் பின்னால், இடுப்பளவு நீரில் குனிந்து நின்று, வலையின்றி வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் இருக்கின்றனர். கோட்டை கட்டியவரும் அவர்களைக் கேட்கவில்லை. ஏவுதளம் அமைத்தவரும் கேட்கவில்லை. சீட்டுப் போடும் நாளில் அவர்கள் பெயர் எழுதிய சீட்டும் இல்லை. அந்தி சாயும் போது பிடித்த இறாலை ஓலைப் பறியில் போட்டுக்கொண்டு, பாடுகளைச் சுற்றிக்கொண்டு, அவர்கள் கரையேறுகின்றனர்.